பொறியியல் முடித்துவிட்டு எம்.ஏ. வரலாறு படிக்க வரலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாம்பரத்தைத் தாண்டியுள்ள ஒரு கல்லூரியில் மின்னணுவியல் பொறியியல் படித்தீர்கள். மூன்று ஆண்டுகளாகச் சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனை வேலை. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு உத்திரமேரூர் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து வரலாறு படிக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களை விடவில்லை. வயது 25. எம்.ஏ.வில் இடம் கிடைக்குமா, பி.ஏ. வரலாறு முடித்து வருகிறவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா, படித்தபின் வேலைக்கு என்ன வழி, "நான்கு வருஷப் படிப்பும் பணமும் வீணா?" என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? இவைதாம் உங்கள் கேள்விகள்.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஃபோர்ட் கப் என்ற சிறு கிண்ணத்தில் பெயிண்டை நிரப்பி, அடியிலுள்ள துளை வழியே அது வடிந்து முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் பிடித்துக் குறித்துக்கொள்வதுதான் என் அன்றாட வேலை. 26-ஆம் வயதில் அதை விட்டுவிட்டு எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். இப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் வரலாறு கற்பிக்கிறேன். சேர்க்கை நேர்முகத்தில் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே உங்கள் கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன்.

இடம் கிடைப்பது உங்கள் கவலைகளிலேயே மிகச் சிறியது. வரலாறு, சமூகவியல், அரசியல் அறிவியல், மொழியியல், சமூகப்பணி, இதழியல் ஆகிய துறைகளில் முதுகலைக்கு "ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம்" போதும் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் சமூகப்பணி முதுகலைக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறும் அப்படியே. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் வகுப்புகளில் பொறியியல் பட்டதாரிகளைப் பார்ப்பது புதிதல்ல. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. சமீப ஆண்டுகளில் அது மார்ச் மாதத்தில் நடக்கிறது. 2024-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்டச் சட்டகம், இளங்கலையில் என்ன படித்திருந்தாலும் விரும்பும் துறையின் நுழைவுத் தேர்வில் தேறினால் அத்துறையில் முதுகலை சேரலாம் என்றே சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்த விதி உண்டு. அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை நீங்களே வரி வரியாகப் படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

வேறு துறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. பொருளாதாரம் என்றால் கணிதம்தான் வாசல்காவலர். கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொறியியல் மாணவர்கள் தடுமாறுவது குறைவு; கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்கள்தாம் திணறுவார்கள். ஐஐடி மெட்ராஸின் இரண்டாண்டு எம்.ஏ.வுக்குப் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு எழுத வேண்டும். 2021 முதல் கேட் தேர்வில் கலையியல் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறைகளுக்கென ஒரு தாள் இருக்கிறது. பொருளாதாரம், ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் ஆகிய ஆறில் ஒன்றை அதில் தேர்ந்தெடுக்கலாம். வரலாறு அதில் இல்லை. உளவியலுக்கு வர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்.ஏ. உளவியலில் எளிதாகச் சேர்ந்துவிடலாம், ஆனால் மருத்துவமனையில் சிகிச்சை உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். இது தெரியாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன்.

தமிழ்நாட்டில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது "கிராஸ் மேஜர்" என்ற சொல். ஆசிரியர் பணிக்குப் படிக்கிறவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் சொல் இது. வெளியே இருப்பவர்கள் காதில் விழுவதே இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கும்போது, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையென ஏற்கப்பட்ட பாடத்திலோ இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இளங்கலை ஒன்று, முதுகலை வேறொன்று என்றால் அந்தக் கதவு மூடிவிடும். என்னிடம் படித்த ஒரு மாணவர் இளங்கலையில் கணிதம் படித்தவர். எம்.ஏ. வரலாற்றில் நல்ல மதிப்பெண் எடுத்தார், பி.எட். முடித்தார், விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் இந்த விதியைப் பார்த்தார். அன்று மாலை கல்லூரி வராந்தாவில் என்னிடம் வந்து அவர் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. முதல் பருவத்திலேயே அவரை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்தத் தவறை இன்னொரு முறை செய்யக்கூடாது என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கு இந்தத் தடை இல்லை. யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிய பாடத்தில் முதுகலையில் 55 விழுக்காடும், அதோடு விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டமும் பார்ப்பார்கள். இளங்கலையில் நீங்கள் மின்சுற்று படித்தீர்களா மௌரியரைப் படித்தீர்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே, அரசுப் பள்ளி ஆசிரியை ஆவதுதான் உங்கள் கனவு என்றால் இந்த வழியில் வராதீர்கள். கல்லூரியோ ஆய்வோ என்றால் தாராளமாக வாருங்கள். குடிமைப்பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்பதற்காக எம்.ஏ. சேர நினைத்தால் அதுவும் வேண்டாம். அந்தத் தேர்வுக்கு எம்.ஏ. தேவையில்லை, அந்த இரண்டு ஆண்டை நேராகத் தேர்வுக்கே செலவிடலாம்.

இனி, ஈடுகொடுக்க முடியுமா என்ற கேள்வி. உங்கள் கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

"அவர்கள் மூன்று ஆண்டு படித்ததை நான் எப்படிப் படித்து முடிப்பேன்?" என்று எழுதியிருக்கிறீர்கள். அரசர் பெயர்கள், ஆண்டுகள், போர்கள், சட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மலை போல உங்களுக்குத் தெரிகிறது. அந்த மலையை ஏறிவிடலாம். நல்ல பாடநூல்களை வைத்துக்கொண்டு தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஓராண்டில் தகவல் அளவில் சேர்ந்துவிடுவீர்கள். துறை மாறுகிறவர் உண்மையில் தடுக்கி விழும் இடம் வேறு. ஒவ்வொரு துறைக்கும் கேள்வி கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. எதைச் சான்றாக ஏற்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பி.ஏ. படித்தவர்கள் அதை அறியாமலே பழகியிருப்பார்கள். நமக்கு அது பழகியிருக்காது. பழகவில்லை என்பதுகூட முதலில் நமக்குத் தெரியாது.

எனக்கு அது தெரிந்த நாளைச் சொல்கிறேன். எம்.ஏ. சேர்ந்த மூன்றாவது வாரம். பேராசிரியை ஒரு தாளின் நகலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். 1877-இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி என்ற விவரம் அதில் இருந்தது. பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி அது. நாள் முழுவதும் மண் வெட்டும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓரணா. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. "இந்தத் தாள் உங்களுக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார் பேராசிரியை.

வேதியியல் படித்தவன் அல்லவா, உடனே கணக்குப் போட்டேன். 450 கிராம் அரிசியில் சுமார் 1,600 கலோரி. காலையிலிருந்து மாலைவரை மண் வெட்டிச் சுமக்கிறவருக்கு அது எந்த வகையிலும் போதாது. எழுந்து நின்று சொன்னேன். விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். வகுப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது.

பேராசிரியை என் கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். "நல்லது. இது போதாது என்று காட்டிவிட்டீர்கள். ஆனால் போதாது என்பது அன்றே தெரியும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் குறைந்தது 680 கிராம் தானியமும் கூடவே காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று அப்போதே வாதாடினார். அவ்வாறிருக்க இந்தக் கூலி ஏன் வந்தது? டெம்பிள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது? இந்தத் தாளை யார் படிப்பார்கள் என்று நினைத்து இதை எழுதினார்கள்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. பி.ஏ. படித்துவிட்டு வந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமாகச் செலவழித்தார் என்று டெம்பிளை எல்லோரும் கண்டித்தார்கள். இந்த முறை சிக்கனமாக இருக்கிறேன் என்று காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்திருக்கும்." பேராசிரியை தலையசைத்துவிட்டு, 1877 மார்ச்சில் சென்னை அரசு கூலியை 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்புமாக உயர்த்தியதைச் சொன்னார். "அப்படியானால் ஆட்சி என்று நாம் சொல்வது ஒரே மனம் கொண்டதா? அதற்குள் யாரோடு யார் மோதினார்கள்? அந்த மோதலைக் கோப்பில் எங்கே தேடுவீர்கள்?"

அன்றைக்கு வீடு திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து இதையே யோசித்தேன். என் கணக்கு தவறில்லை. ஆனால் நான் அந்தத் தாளை அளவீடாகப் படித்தேன், அந்தப் பெண் அதை ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எழுதிய ஒன்றாகப் படித்தார். இந்த ஒன்றைக் கற்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஆண்டுகளையும் அரசர்களையும் ஒரே கோடை விடுமுறையில் படித்துவிட்டேன். (அந்தப் பஞ்ச நிவாரணத்தில்தான், 1877–78-இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை வெட்டினார்கள். உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு அது.)

உங்கள் உத்திரமேரூருக்கே வருவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை அந்தக் கல்வெட்டுகள். 919, 921 ஆகிய ஆண்டுகள். "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் தேர்தல்" என்று வழிகாட்டி உங்களுக்குச் சொல்லியிருப்பார். சிலிர்ப்பாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. இப்போது கல்வெட்டின் வாசகத்தை எடுத்து, குடத்தில் யாருடைய பெயரைப் போடலாம் என்று பாருங்கள். வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதத்தின் பகுதிகளான மந்திரப் பிராமணம் அறிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலமும் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்தவர்கள் கூடாது; கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் கூடாது. ஆக, இது பிராமணர் ஊரான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. அந்த நிலத்தை உழுதவர் பெயர் ஓலையில் இல்லை, எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. அதே சமயம், கணக்குக் காட்டாதவரைக் குடும்பத்தோடு விலக்கி வைக்கும் அளவுக்கு ஓர் ஊர்ச்சபை ஏன் விதி செய்தது? அதற்கு முன் என்ன நடந்திருக்கும்? 919-இல் ஒரு விதி செய்து, இரண்டே ஆண்டில் ஏன் திருத்தினார்கள்?

இந்தக் கேள்விகளைப் படித்தபோது உங்கள் மனத்தில் என்ன நேர்ந்தது என்று கவனித்துப் பாருங்கள். "என் உத்திரமேரூரைக் கெடுத்துவிட்டாரே" என்று தோன்றியிருந்தால், வரலாற்றை நீங்கள் ஒரு வாசகியாக நேசிக்கிறீர்கள். அதுவும் நல்ல நேசம்தான். வேலையை விடாமல் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். "அந்த இரண்டு ஆண்டில் என்ன நடந்தது?" என்று கை பரபரத்திருந்தால், உங்களுக்கு எம்.ஏ. தேவைப்படும்.

ஆனால் ஒரு பத்தியைப் படித்து முடிவெடுக்க வேண்டாம். வேலையை உடனே விடவும் வேண்டாம். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளை மட்டும் இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து தரமணி பக்கம்தான். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கே இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனி மனிதராகச் சேர்த்த தமிழ் அச்சுச் செல்வத்தின் மேல், 1994-இல் எழுந்த நூலகம் அது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே போக இப்போதைக்கு அவசரம் இல்லை, ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சோழர் அரசு எப்படிப்பட்டது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகண்ட சாஸ்திரி அதை வலுவான மையமும் சீரான நிர்வாகமும் கொண்ட பேரரசாகப் பார்த்தார். பர்டன் ஸ்டைன் அதை மறுத்து, அரசனின் உண்மையான பிடி ஒரு சிறு பகுதியில்தான் இருந்தது, மற்ற இடங்களில் சடங்கு சார்ந்த மேலாண்மை மட்டுமே என்றார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இருவரையும் அப்படியே ஏற்காமல், கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, அவற்றில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் நில உடைமைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். இந்த மூன்று வாதங்களையும் படித்துவிட்டு, யார் எந்தச் சான்றை வைத்து என்ன சொல்கிறார், அந்தச் சான்று அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று பத்துப் பக்கம் எழுதுங்கள். எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். கை வலிக்கும், அலுப்பாக இருக்கும். மூன்றாவது சனிக்கிழமை "இதற்கா ஆசைப்பட்டோம்" என்று தோன்றும். துறை மாற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் புதுத் துறையின் திருவிழாவைத்தான் பார்த்திருப்பார்கள். அதன் அன்றாடம் அவர்களுக்குத் தெரியாது. பெயிண்ட் வடியும் விநாடிகளை எண்ணி எனக்கு அலுத்துப்போனது உண்மை. ஆனால் கல்வெட்டுத் தொகுதியில் ஒரே சொல்லை நானூறு இடத்தில் தேடுவதும் அதே அளவு அலுப்பான வேலைதான். அது எனக்குப் பிடித்த அலுப்பு. உங்களுக்குப் பிடிக்குமா என்பதை உட்கார்ந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

மின்னணுவியல் வீணாகிவிடுமோ என்ற கவலையை விடுங்கள். கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி அகரவரிசைத் தொகுதியாக 1978-இல் வெளியிட்டார்கள். இன்று நீங்கள் அலுவலகத்தில் தரவை அட்டவணையாக்குகிறீர்களே, அதே புத்தியைக் கல்வெட்டின் மேல் செலுத்திய வேலை அது. ஐராவதம் மகாதேவன் நம் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் வேதியியல் படித்தவர், பிறகு சட்டம், பிறகு ஐஏஎஸ். சிந்துவெளி எழுத்துகளைக் கணினியின் துணையோடு தொகுத்தார். 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றி இன்று யார் பேசினாலும் அவரைத் தொடாமல் போக முடியாது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் வழக்கறிஞர், வரலாற்றில் எம்.ஏ.; தமிழுக்கு வந்து பேராசிரியராகி, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார்.

இன்னொருவரை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். உடனே, சான் டியேகோவில், உயிரியல் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள், தன்னைவிட இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து அடிப்படையிலிருந்து படித்தார். 2009-இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். பரிசுக்காக இதைச் சொல்லவில்லை. "டாக்டர்" என்ற அடைமொழியோடு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாரே, அதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கும் அது நேரும். உங்களைவிட நான்கு வயது இளையவர்கள் உங்களுக்குத் தெரியாததைச் சாதாரணமாகச் சொல்வார்கள். அப்போது கூசாமல் "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். அன்று டெம்பிளைப் பற்றிச் சொன்ன பெண்ணிடம்தான் நான் இரண்டு ஆண்டும் குறிப்பு வாங்கிப் படித்தேன்.

நேர்முகத்தில் ஒன்று நடக்கலாம். நான் முதலில் விண்ணப்பித்த ஓர் இடத்தில், "வேதியியலில் மேலே இடம் கிடைக்கவில்லையா, இங்கே வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து, எதுவும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால், அந்தப் பத்துப் பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நேர்முகங்களில், "சிறு வயதிலிருந்தே வரலாறு பிடிக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். தான் எழுதியதைக் காட்டி, "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று சொல்பவர் அரிது. அவருடைய பட்டம் என்ன என்று அதற்குப்பின் நாங்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இப்போது நீங்கள் வாங்கும் சம்பளம் நீண்ட காலத்துக்குத் திரும்பி வராது. கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடம் அரிதாகத்தான் வருகிறது. நல்ல தகுதியுள்ளவர்கள் கௌரவ விரிவுரையாளர்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். என் துறையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்களை "வா" என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆய்வுக்குப் போவதானால் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெரிய கைப்பிடி. நெட் தேர்வின் இரண்டு தாளிலும் சேர்த்து 300 மதிப்பெண். அதில் மேலே வருபவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு அதில் ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. இப்போது 25 என்கிற உங்களுக்கு எம்.ஏ. முடியும்போது 28 ஆகியிருக்கும், ஆகவே எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதத் தொடங்கிவிடுவது நல்லது. கல்லூரிக்கு வெளியே, ஆவணங்களை எண்மமாக்கும் திட்டங்கள், அருங்காட்சியகங்கள், பதிப்பகங்கள் ஆகியவற்றில் வரலாறும் கணினியும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது குறைவு என்பது உங்களுக்குச் சாதகம்.

ஆகவே பணத்தை முன்கூட்டியே யோசியுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்புக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வீட்டைக் கேட்காமல் இருக்கும் அளவு கையில் சேர்ந்தபின் வேலையை விடுங்கள். கல்விக் கடன் இன்னும் மீதி இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். அது முடியாத நிலை என்றால் வேலையில் இருந்துகொண்டே இக்னோவிலோ, சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ படிக்கலாம். யுஜிசி அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டத்தோடு நெட் எழுதலாம். ஆனால் என் பேராசிரியை அந்தத் தாளைக் கொடுத்துக் கேட்டது போன்ற ஒரு மதியம் தபாலில் வராது. தொலைநிலையில் சேர்ந்தால் அதற்கு ஈடாகச் சொற்பொழிவுகளுக்கும் கல்வெட்டுப் பயிலரங்குகளுக்கும் நீங்களே தேடிப் போக வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? "வீணா?" என்று அவர் கேட்பதில் கணக்கு மட்டும் இல்லை. நான்கு ஆண்டுக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். எதை அடகு வைத்தார், எந்தச் சீட்டை எடுத்தார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதோடு, 25 வயதுப் பெண் வேலையை விடுகிறாள் என்றால் உறவினர்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். கல்யாணப் பேச்சும் அவர் தலையில்தான் வந்து விழும். ஆகவே அவரிடம் வாதாடாதீர்கள். வேதியியலை விடுகிறேன் என்று நான் சொன்னபோது என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் இரவு, "மாதம் எவ்வளவு வேண்டும், எத்தனை மாதம், ஒரு தாளில் எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப்பின் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. பெற்றோருக்குப் பயம் எண்ணில்தான் இருக்கிறது, எண்ணைக் காட்டினால் பாதி குறைகிறது. சேமிப்பு எவ்வளவு, எந்தத் தேதிவரை சமாளிக்கும், நெட் எந்த ஆண்டு எழுதுவீர்கள், அது கிடைக்காவிட்டால் திரும்ப எந்த வேலைக்குப் போவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் உத்திரமேரூருக்கு அழைத்துப் போங்கள். கணக்குக் காட்டாதவனைக் குடும்பத்தோடு விலக்கி வைத்த வரியைப் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பத்துப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். அதைப் பார்த்துவிட்டு, எந்தப் பல்கலைக்கழகம் என்று உட்கார்ந்து பேசுவோம்.